அப்து டயர்

“உங்க மனைவி பேர் என்ன?” என்று கேட்டேன்.

சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் தம்பி கம்தான். கேட்டது அவனுடைய அக்கா நூரியா அல்ல. விசா அலுவலகத்தின் சார்பில் நீதிமன்றத்தில் அவனைக் குடையப் போகிற அதிகாரி. அப்படித்தான் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று வக்கீல் மொய்ரா சொல்லியிருந்தாள்.

கம்தான் கதவைப் பார்த்தான். கதவுக்கு அப்பால் கூடத்தில் என் கணவர் ஷரீஃப் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேள்வி கேட்டா பதில் சொல்லணும்.”

“அதான் அந்தக் காகிதத்துல இருக்கே.”

“காகிதத்தக் கேக்கல. உன்னக் கேக்கறேன்.”

“வீட்டுல இருக்கிறவங்க பேரு உனக்குத் தெரியாதா அக்கா?”

“எனக்குத் தெரியும். ஜட்ஜுக்குத் தெரியாது. அவங்க உன் வாயாலதான் கேப்பாங்க. அங்க வந்து இப்படிக் கதவப் பாத்துட்டு நின்னா, பேரே தெரியாத பொண்டாட்டின்னு எழுதிட்டுப் போயிருவாங்க.”

ஷரீஃப் கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். “நான் வேணா வெளிய போய் நிக்கறேன் நூரியா. மழைதான், பரவால்ல. அவனச் சொல்லச் சொல்லு.”

சொன்னபடியே மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றார். ஜன்னல் வழியாக அவர் முதுகு நனைவது தெரிந்தது. அப்படியும் என் தம்பி வாயைத் திறக்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினான், விரித்தான், மறுபடி சுருட்டினான். எனக்கு அந்த விரிப்பைப் பிடுங்கி அவன் தலையில் போர்த்திவிடலாமா என்றிருந்தது.

எங்கள் ஊர் ஆண்கள் இப்படித்தான். மனைவியின் பெயர் இன்னொரு ஆணின் காதில் விழக் கூடாது. ‘வீட்டார்’ என்பார்கள், ‘குடும்பம்’ என்பார்கள், பிள்ளை பிறந்துவிட்டால் பிள்ளையின் தாய் என்பார்கள். என் பெயரையே ஷரீஃப் நாலு பேர் நடுவில் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த ஷெஃபீல்டில் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறேன், தெருவில் பாதிப் பேர் என்னை நூரியா என்றே கூப்பிடுகிறார்கள். அவர் மட்டும் பள்ளிவாசல் வாசலில் என்னை ‘வலீதின் அம்மா’ என்கிறார். நான் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த மறுப்புக் கடிதம் வரும் வரைக்கும்.

கம்தானுக்கும் அர்வாவுக்கும் எங்கள் சொந்த ஊரான இப் நகரில் கல்யாணம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அப்பா இந்த ஊர் எஃகு ஆலையில் முதுகு ஒடிய உழைத்ததால் எங்கள் இருவருக்கும் இந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைத்தது. அர்வாவுக்கு அது கிடையாது. போர் நடக்கிற ஊரில் விசாவுக்கு எங்கே மனு கொடுப்பது? கெய்ரோவுக்கு வந்து, அங்கே ஒரு சித்தி வீட்டில் தங்கி, மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். பதில் வந்தது. இந்தத் திருமணம் மெய்யானது என்று நம்ப முடியவில்லை, ஆகவே விசா இல்லை.

அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணப் படம் என்று கம்தான் ஒரு கட்டுப் படம் அனுப்பியிருந்தான். தலைப்பாகை, இடுப்பில் வளைந்த கத்தி, காதோரம் துளசிக் கொத்து, கையில் தங்க உறை போட்ட வாள். மாப்பிள்ளை ஜோர்தான். பக்கத்தில் மாமா, அந்தப் பக்கம் பெரியப்பா, பின்னால் கன்னம் உப்ப வெற்றிலை போல மெல்லும் காத் இலையை அடக்கிக்கொண்டு ஊர் ஆண்கள் அத்தனை பேரும். பெண்ணைக் காணோம். எப்படி இருப்பாள்? பெண்கள் விருந்து அடுத்த வீட்டில். அங்கே வாசலிலேயே எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள்.

“அதிகாரி பாவம்டா,” என்று அன்றைக்குச் சொன்னேன். “உனக்கும் அந்தத் தாடிக்காரப் பெரியப்பாவுக்கும்தான் கல்யாணம்னு நெனச்சிருப்பாரு.”

இருவரும் சேர்ந்து நிற்கிற ஒரே படம், ஜிப்லா மலைமேல் எடுத்தது. கம்தான் விறைத்து நிற்கிறான். ஒரு கை தூரத்தில் தலைமுதல் கால்வரை கறுப்பில் ஓர் உருவம், கண் மட்டும் தெரிகிறது. ‘அடையாளம் காண இயலவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். அது பொய்யில்லை.

ஆனால் கடைசிக் காரணம்தான் சிரிப்பை அடக்கியது. தினமும் மனைவியோடு பேசுகிறேன் என்பதற்கு ஆதாரமாகக் கம்தான் தன் கைப்பேசித் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். பக்கம் பக்கமாக அழைப்புகள். எல்லாம் ஒரே ஆளுக்கு. ஆளின் பெயர் ‘அப்து டயர்’.

“யாருடா இந்த அப்து?” என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்தான். “வீட்டுலதான்.”

அவன் வேலை பார்க்கும் வண்டிப் பட்டறையில் கைப்பேசி எல்லாருடைய கையிலும் புரளும். ஒருத்தன் பாட்டுப் போடுவான், ஒருத்தன் உதிரிபாகத்தைப் படமெடுப்பான். மணியடித்தால் திரையில் அர்வா என்று வருமே. அதனால் டயர்க்காரன் பெயரில் ஒளித்து வைத்திருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு விடாமல், அந்தச் சோற்றையே சாட்சிக்கு அனுப்பியும் வைத்திருக்கிறான்.

நான் கத்தின கத்தலில் ஷரீஃப் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். கத்தாமல் என்ன செய்வது? இப்பிலிருந்து அர்வாவின் அப்பா ஹாஜி ஸைஃப் சொல்லி அனுப்பிவிட்டார். “நோன்புப் பெருநாள் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள விசா வரலன்னா பொண்ணத் திருப்பிக் கூட்டிட்டு வந்துருவேன். அத்து விட்டுட்டு அவரவர் பொழப்பப் பாக்கட்டும்.” கெட்ட மனுஷர் இல்லை. கட்டிக்கொடுத்த மகள் எவளோ ஒரு சித்தி வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பதை எத்தனை காலம் பொறுப்பார்? மேல்முறையீட்டு விசாரணை நோன்பு தொடங்குவதற்கு முன்னால் வந்தது. இது தோற்றால் இன்னொன்றுக்கு நேரமில்லை.

மொய்ரா ஸ்காட்லாந்துக்காரி. நீட்டி முழக்க மாட்டாள். “எத்தனை தடவை பேசினாங்கங்கறது எனக்கு வேண்டாம்,” என்றாள். “என்ன பேசினாங்கன்னு வேணும். எழுதினதோ, பேசினதோ. ரெண்டு பேர் வாழ்றது அதுல தெரியணும்.”

“குரல் பதிவு இருக்குமே. தினமும் அனுப்பிக்கிறாங்க,” என்றேன்.

கம்தான் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினான். “அழிச்சுட்டியா?”

“கேட்டதும் அழிச்சிருவேன். பட்டறையில யாராவது தெரியாம அமுக்கிட்டா, அவங்க கொரல் வெளிய கேக்குமில்ல.”

மொய்ராவுக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “இவர் மனைவியைக் காப்பாத்திக் காப்பாத்தியே நாட்டுக்கு வெளிய வச்சிருவார்,” என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவனுக்குப் புரிந்தது.

அன்றைக்கே கெய்ரோவுக்குப் பேசினேன். அர்வா ஏதோ வதக்கிக்கொண்டிருந்தாள், கரண்டிச் சத்தம் கேட்டது.

“அவர் அழிச்சுட்டாராக்கும்,” என்றாள். கோபமாகத் தெரியவில்லை. “நான் ஒண்ணக்கூட அழிக்கல அக்கா. அவர் அனுப்பினதெல்லாம் என்கிட்ட இருக்கு.”

“எல்லாமா?”

“முதல் நாளையிலேருந்து. இந்தக் கைப்பேசி இதுக்கு மேல தாங்காதுன்னு சித்தி பையன் சொல்றான். என் படத்தெல்லாம் அழிச்சேன், இத அழிக்கல.”

“அனுப்புடி.”

கரண்டிச் சத்தம் நின்றது. “அவரு சரின்னு சொல்லிட்டாரா?”

“முதல்ல அனுப்பு.”

அனுப்பினாள். நான் பள்ளிக்கூட வண்டியைப் பணிமனையில் நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து கேட்டேன். என் தம்பி குரல். ஆனால் நான் அறிந்த தம்பி இல்லை. என் தம்பி ஒரு வாய் தேநீருக்கும் ஒரு வார்த்தைக்கும் நடுவில் அரை மணி விடுகிறவன்.

“அர்வா, இன்னிக்கு ஒரு வண்டி வந்துச்சு அர்வா. நாலு டயரும் தேஞ்சு மொட்டையா இருக்கு. இன்னும் ஒரு வருஷம் ஓடுமான்னு கேக்கறாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. அர்வா, நீ சாப்ட்டியா? சித்தி எதாச்சும் சொன்னாங்களா? சொன்னா மனசுல வச்சுக்காத. அர்வா, ஜன்னலுக்குத் திரை வாங்கினேன். பச்சையா நீலமான்னு எனக்குத் தெரியல, கடைக்காரன் புதுசா ஒரு பேரு சொல்றான். நீ வந்து சொல்லு அர்வா. தூங்கிட்டியா? அர்வா, தூங்கிட்டியா?”

ஒவ்வொரு பதிவும் அப்படித்தான். ஒன்றிலும் பெரிய விஷயம் எதுவும் இல்லை. மழை, பட்டறை, பருப்பு தீய்ந்தது, பக்கத்து வீட்டுப் பூனை. வாக்கியத்துக்கு வாக்கியம் அந்தப் பெயர். வெளியில் ஒரு தடவைகூடச் சொல்ல முடியாததையெல்லாம் சேர்த்து வைத்து அங்கே கொட்டியிருக்கிறான். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். வண்டி கழுவ வந்தவர் கண்ணாடியைத் தட்டி, உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டார்.

கம்தானிடம் சொன்னதும் வீடு ரெண்டானது.

“யாரக் கேட்டு வாங்கின?”

“உன் பொண்டாட்டியக் கேட்டு.”

“அது எனக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கிறது அக்கா. அத ஒருத்தன் உக்காந்து எழுதுவானா? இன்னொருத்தன் வாசிப்பானா? காசிம்கிட்ட போனா பள்ளிவாசல் பூரா தெரிஞ்சிரும். ‘தூங்கிட்டியா தூங்கிட்டியா’ன்னு என்னைப் பாத்தா கூப்பிடுவானுங்க.”

காசிம் எங்கள் பேட்டையில் அரபிக் காகிதம் மொழிபெயர்க்கிறவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அதிலும் காசிம் வாய்க்கு அண்டாமூடியே போதாது.

“காசிம்கிட்ட யாரு போறா? லீட்ஸ்ல ஒரு ஈராக்குக்காரம்மா இருக்காங்களாம். மொய்ரா சொன்னா.”

“பொம்பளையா? இன்னும் மோசம்.”

“அப்ப என்னடா பண்ணணுங்கற? ஹாஜி ஸைஃப் வந்து கூட்டிட்டுப் போகட்டும், நீ அந்தத் திரையப் போத்திட்டுத் தூங்கு.”

திரை என்று நான் சொன்னதும் முகம் செத்துப் போயிற்று. நான் எதைக் கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் அப்புறம் கைப்பேசியை எடுக்கவேயில்லை. கோப்பில் ஆதாரம் சேர்க்க மொய்ரா கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வண்டி ஓட்டும்போதும் சிவப்பு விளக்குக்கு விளக்கு கைப்பேசியைப் பார்த்தேன். பிள்ளைகளை இறக்கிவிட வேண்டிய நிறுத்தத்தை ஒரு தடவை தாண்டியே போய்விட்டேன்.

கெடு முடிகிற நாள் அன்று சாயங்காலம் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

“அவங்க பேசினாங்க,” என்றான்.

“என்ன சொன்னா?”

“‘உங்க மானம் ஷெஃபீல்டுல பத்திரமா இருக்கட்டும். நான் இப்புக்குத் துணி மூட்டை கட்டறேன்’னு சொன்னாங்க.”

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. “நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. அனுப்பிரு அக்கா,” என்றான். சொல்லிவிட்டு மழையிலேயே திரும்பி நடந்தான்.

லீட்ஸ்காரம்மா பதிவுகளையெல்லாம் ஆங்கிலத்தில் நன்றாகவே எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஊர்ச் சொல் ஏதாவது புரியவில்லையோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். “உங்களுக்கு இதே மாதிரி பேசற தம்பி வேற யாராவது இருக்காங்களா? எனக்கு ஒரு மக இருக்கா,” என்றார்.

விசாரணை பிராட்ஃபோர்டில். என் காரில்தான் போனோம். கம்தான் இரவல் கோட்டு போட்டிருந்தான், தோள் தொங்கியது. வழியெல்லாம் ஒத்திகை. நான் அதிகாரியாகக் கேட்டால் கார்ப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னான். பெயர் வரும் இடத்தில் மட்டும் தொண்டையைச் செருமினான். “வெள்ளைக்காரங்க முன்னாடி சொல்லிருவேன் அக்கா,” என்றான். “அவங்க காதுக்கு அது ஒரு சத்தம்தான். நம்மாளு யாரும் இருக்க மாட்டாங்கல்ல?”

“நான்தான் இருப்பேன்.”

“நீ இருந்தாப் பரவால்ல.”

காத்திருக்கும் கூடத்தில், கழுத்துப்பட்டை கட்டிய நரைமீசைக்காரர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். நீதிமன்றம் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர். கம்தானுக்குப் பட்டறை ஆங்கிலம் தெரியும், ஆனால் ஒரு சொல் சறுக்கினால் வழக்கே சறுக்கும் என்று மொய்ராதான் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தாள். மொராக்கோக்காரரோ எகிப்தியரோ வருவார் என்று நினைத்திருந்தோம். அவர் வாயைத் திறந்து சலாம் சொன்னதுமே தெரிந்துவிட்டது. தாயிஸ் ஊர்க்காரர். எங்கள் மலைக்கு அடுத்த மலை.

கம்தானின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் வடிந்து போயிற்று. அவன் கழிப்பறைக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். அவனைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அறை சின்னது. நீதிபதி ஒரு பெண்மணி, ஜலதோஷம் பிடித்திருந்தது, பக்கத்தில் காகிதத் துண்டுப் பெட்டி. எதிர்த்தரப்பு அதிகாரி சின்ன வயசு, மரியாதையானவர். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று மொய்ரா என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான்.

“உங்கள் திருமணப் படங்களில் உங்கள் மனைவி எங்கே?” என்று அதிகாரி தொடங்கினார்.

“பக்கத்து வீட்டுல,” என்றான் கம்தான்.

“பக்கத்து வீட்டிலா?”

“பொம்பளைங்க விருந்து அங்க. ஆம்பளைங்க விருந்து இங்க. நான் இங்க இருந்தேன்.”

“கைப்பேசியில் ‘அப்து டயர்’ என்று இருப்பது யார்?”

“என் மனைவி.” செருமினான். “எங்க ஊர்ல வெளி ஆம்பளைங்க முன்னாடி மனைவி பேரச் சொல்றதில்ல. அதான் அப்படிப் போட்டு வச்சேன்.”

“இந்த விளக்கம் மனு மறுக்கப்பட்ட பிறகுதான் வருகிறது. இப்படி ஒரு பழக்கம் இருப்பதாகச் சொல்வது நீங்களும், கெய்ரோவிலிருந்து எழுதிக் கொடுத்த உங்கள் மனைவியும் மட்டும்தான். அப்படித்தானே?”

மொழிபெயர்ப்பாளர் அரபியில் சொன்னார். கம்தான், “ஆமா,” என்றான். வேறு என்ன சொல்வான்?

“சரி. பெயரே சொல்லாத மனிதர் என்கிறீர்கள். ஆனால் இந்தக் குரல் பதிவுகளில் வரிக்கு வரி பெயர் சொல்கிறீர்கள். வழக்குக்காகவே பேசிப் பதிவு செய்தது போல இருக்கிறது என்று நான் சொன்னால்?” அதிகாரி ஒரு பக்கத்தைப் புரட்டி ஆங்கிலத்தில் வாசித்தார். “‘அர்வா, ஜன்னலுக்குத் திரை வாங்கினேன். நீ வந்து சொல்லு அர்வா. தூங்கிட்டியா? அர்வா, தூங்கிட்டியா?’”

எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அந்த வரிகளை அந்த வெறும் குரலில் கேட்க முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதைக் கம்தானுக்கு அரபியில் திருப்பிச் சொன்னார். “‘ஜன்னலுக்குத் திரை வாங்கினேன். நீங்க வந்து சொல்லுங்க. தூங்கிட்டீங்களா? வீட்டுல, தூங்கிட்டீங்களா?’ இது வழக்குக்காகப் பேசினதுதானேன்னு கேக்கறார்.”

எனக்கு அதில் எதுவும் பிசகாகப் படவில்லை. எங்கள் காதுக்கு அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினார். “ஒரு நிமிஷம். எனக்கு அரபி தெரியாது. ஆனால் ஆங்கிலத்தில் அந்தப் பெயரை மூன்று முறை கேட்டேன். நீங்கள் சொன்னதில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பெயரை விட்டுவிட்டீர்களா?”

மொழிபெயர்ப்பாளர் நெற்றி வரை சிவந்தார். இருந்த இடத்தில் எழுந்து நின்றார்.

“விட்டுவிட்டேன் அம்மா. தப்பு என்னுடையது. முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும்.”

“ஏன் விட்டீர்கள்?”

அவர் கம்தானைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “இந்த வேலையில் எத்தனையோ வருஷமாக இருக்கிறேன். ஆனால் இவர் என் பக்கத்து ஊர்க்காரர். அவர் முகத்துக்கு நேராக அவர் வீட்டுப் பெண் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. தானாக விட்டுப் போயிற்று.”

மொய்ராவின் பேனா நின்றுவிட்டது. எதிர்த்தரப்பு அதிகாரி தன் கையிலிருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் தன் வேலையைத்தான் செய்தார்.

“நீங்கள் சாட்சி அல்ல. நீங்கள் சொன்னதை நான் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது,” என்றார் நீதிபதி. கொஞ்ச நேரம் எழுதினார். நிறையவே எழுதினார். “இனி ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும். முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு தேதி வைக்கிறேன்.”

வேறு தேதி. என் காதில் ஹாஜி ஸைஃப் துணி மூட்டை கட்டுகிற சத்தம் கேட்டது. மொழிபெயர்ப்பாளர் அதைக் கம்தானுக்கு அரபியில் சொன்னார். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். அனுமதி கேட்டு நிற்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. வேறு யாருக்குப் புரிந்ததோ தெரியாது.

கம்தான் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

“சொல்லுங்க அண்ணே,” என்றான். “நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அவ பேரு அர்வா. நீங்களும் சொல்லுங்க.”

அந்த மனுஷர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, ஆங்கிலத்தில் அதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். அப்புறம் அதிகாரியின் கேள்வியை மறுபடியும் முதலிலிருந்து அரபியில் சொன்னார். பெயரை மூன்று தடவையும் சொன்னார்.

“இது வழக்குக்காகப் பேசினதா?”

“இல்ல,” என்றான் கம்தான். “யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சுப் பேசினது.”

அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார். அதை ஏன் கேட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “திரை என்ன நிறம்?”

“தெரியாது சார். அர்வா வந்துதான் சொல்லணும்.”

தீர்ப்பு அன்றைக்கே கிடைக்காது. தபாலில் வரும் என்றார்கள். நோன்பு தொடங்கிவிட்டது. பகலெல்லாம் பசியைவிட அந்தத் தபால்காரன்தான் என்னை வதைத்தான். அவன் வாசலுக்கு வராமல் போனால் ஒரு கோபம், மின்சாரக் கட்டணச் சீட்டோடு வந்தால் இரண்டு கோபம். ஒருநாள் நோன்பு திறக்கக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தபோது மொய்ரா கூப்பிட்டாள். “கெடச்சிருச்சு,” என்றாள். தீர்ப்பில் ஓரிடத்தை வாசித்துக் காட்டினாள். கைப்பேசியில் வேறு பெயர் இருந்ததற்குக் கணவர் கொடுத்த விளக்கத்தை ஏற்கிறேன், விசாரணை அறையில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருந்தார் அந்த ஜலதோஷக்கார மகராசி. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு அதைத்தான் குடித்தோம், யாரும் முகம் சுளிக்கவில்லை. பெருநாளுக்குள் விசா முத்திரை வராவிட்டாலும் தீர்ப்பே போதும் என்று ஹாஜி ஸைஃப் சொல்லிவிட்டார்.

பெருநாள் கழிந்து அர்வா வந்தாள். மான்செஸ்டர் விமான நிலையத்தில் நானும் கம்தானும் ஷரீஃபும் நின்றோம். கெய்ரோ விமானம் என்றால் கேட்க வேண்டுமா, எங்கள் ஊர்க்காரர்களே பாதிக் கூடம். காசிமும் யாரையோ அழைத்துப்போக வந்து தூண் ஓரமாக நின்றார். அவர் கண் எங்கள்மேல்தான் இருந்தது.

கறுப்பு அங்கிகளாக வெளியே வந்தார்கள். அதில் ஒருத்தி தள்ளுவண்டியோடு எங்களைப் பார்க்காமல் வேறு வாசல் பக்கம் திரும்பினாள். நடையைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“கூப்பிடுடா,” என்று முழங்கையால் இடித்தேன். “போயிரப் போறா.”

கம்தான் வாயைத் திறந்தான். காசிமைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நீதிமன்றத்தில் அத்தனை பாடுபட்ட பிறகும் இவன் இப்படியா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அவன் கூடமே அதிரக் கூப்பிட்டான்.

“அப்து!”

அங்கே நின்ற இரண்டு அப்துக்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவதாகத் தள்ளுவண்டியை நிறுத்தி என் தம்பி மனைவி திரும்பினாள். முகத்திரைக்குள் அவள் சிரிப்பது கண்ணிலேயே தெரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே அவன் முன்னால் வந்து நின்றாள்.

“நாலு டயரும் தேஞ்சு போச்சு,” என்றாள். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அவன் தள்ளுவண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். தூணைக் கடந்தோம், காசிம் சலாம் சொன்னார், ஷரீஃப் பதில் சொன்னார். வெளிவாசலை நெருங்கும்போது கம்தான் கொஞ்சம் நின்று அவள் பக்கம் குனிந்தான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் ஷரீஃப் பக்கத்திலேயே இருந்தார், அவர் காதிலும் விழுந்திருக்கும்.

“அர்வா, பாத்து வா. படி இருக்கு.”